நூலரசிக்குத் தேங்காய் உடைத்த ஊர்

வேம்பூரணியில் எந்தத் தெருவில் நின்றாலும் அச்சு மிஷினின் தடதடப்பு காதில் விழும், எந்த வீட்டுக் குழம்பிலும் லேசாக மை வாசனை அடிக்கும், அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் முப்பத்து முக்கோடித் தேவர்களும் பிறந்தது கைலாசத்திலோ வைகுண்டத்திலோ இல்லை, எங்கள் ஊர் அச்சாபீசில்தான் என்பார்கள். காலண்டர் தாளில் முதலில் மஞ்சளும் சிவப்பும் ஓடும், அப்போது முருகனுக்கு மேனி வரும், பட்டு வரும். மறு ஓட்டத்தில் நீலமும் கறுப்பும் ஏறும், அந்தக் கறுப்பில்தான் அவருக்குக் கண்மணி வரும், அதுவரைக்கும் சாமி வெறும் வெள்ளை விழியோடு நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். கண் திறப்பது விளையாட்டுக் காரியமில்லை என்பது சிலை செய்கிறவனுக்குத் தெரிந்த மாதிரியே வேம்பூரணி மிஷின்மேனுக்கும் தெரியும், ஆகவே கறுப்புத் தகட்டை மாட்டியதும் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தட்டுவார்கள்.

தவசிலிங்கம் சாமிப்படமே ஓட்டி ஓட்டிக் கை பழகியவர். காலண்டர் வேலை இல்லாத ஒரு சித்திரை வெயிலில், வறுவல் பாக்கெட்டுக்குள் போடுகிற பிள்ளைகள் அட்டை வேலை ஒன்று அவருடைய மிஷினுக்கு வந்தது. பறக்கும் பன்றி, கொம்பு முளைத்த ஆமை, நெருப்புக் கக்கும் கோழி என்று எத்தனையோ ஜந்துக்கள். அவற்றுக்கெல்லாம் தலைவியாக நூலரசி என்று ஒருத்தி, பெண் முகமும் சிலந்தி உடம்பும் எட்டுக் காலும் நெற்றியிலிருந்து கன்னம்வரை எட்டுக் கண்ணுமாக, தனித் தாளில் தனி மினுமினுப்போடு. அவளுக்குக் கறுப்புத் தகட்டை மாட்டிய தவசிலிங்கத்தின் கை, மனசைக் கேட்காமலே, சூடத்தைக் கொளுத்தித் தேங்காயையும் உடைத்துவிட்டது. பூச்சிக்கு எதுக்குய்யா தேங்காய் என்று முதலாளி அண்ணாச்சி சிரித்தார், பழக்கதோஷம் என்று இவரும் சிரித்தார், தேங்காய்ச் சில்லை வெல்லத்தோடு எல்லாருமாகத் தின்றார்கள், மிஷின் ஓடியது, நூலரசிக்கு எட்டுக் கண்ணும் திறந்தது.

விஷயம் முதலில் பள்ளிக்கூடத்தில்தான் வெளியே வந்தது. நூலரசி அட்டையைக் கொடுத்து ஒரு பயல் இன்னொரு பயலிடம் பம்பரம் வாங்கினான், மணி அடித்ததும் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள், பார்த்தால் இவன் தொப்புளிலிருந்து அவன் தொப்புளுக்கு வெள்ளையாய் ஒரு நூல், சட்டைத் துணியை ஒன்றும் செய்யாமல் வெளியே வந்து, மைதானத்தின் குறுக்கே வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. சும்மா கொடுத்தால் ஒன்றும் இல்லை, ஒன்றை வாங்கிக்கொண்டு கொடுத்தால்தான் நூல் விழுந்தது. வாத்தியார் பிரம்பை எடுத்தார், பிறகு பிரம்பால் ஆகிற காரியமில்லை என்று கண்டு வருகைப் பதிவை எடுக்கப் போய்விட்டார்.

சனங்கள் பயந்தார்கள் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். அதற்கு நேரம் எங்கே இருக்கிறது? தெருவின் குறுக்கே நூல் போனால் குனிந்து போகப் பழகினார்கள், குனிய முடியாத வயசாளிகள் நூலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள், சன்னல்களை ஒருக்களித்து வைத்தார்கள், மழை வராத நாளில் ஈரத்துணியை அதிலேயே உலர்த்தினார்கள். அரசமரத்தடியில் அட்டையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு நூலாத்தா என்று பேர் வைத்து வெள்ளிக்கிழமை பூசை நடந்தது. கல்யாணமாகி வருகிற மருமகள் வாசற்படி ஏறும்போது அந்த வீட்டு மூத்தவளிடம் ஒரு பலகாரத்தைக் கொடுத்து அட்டையை வாங்கிக்கொள்வது என்று ஒரு சடங்கே முளைத்தது. முதலாளி அண்ணாச்சி அவர் பங்குக்கு, தீபாவளிக்குத் துணி கொடுக்கிற சாக்கில் மிஷின்மேன்களிடம் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார், அதற்குப்பிறகு எவனும் வெளியூர் ஆபீசுக்குத் தாவவில்லை.

தாவ முடியாது. நூலுக்கு ஊருக்குள் எத்தனை நீளமும் உண்டு, ஆனால் ஒரு முனை உள்ளே இருக்க மறுமுனை எல்லைக்கல்லைத் தாண்டாது. கோயம்புத்தூருக்குப் படிக்கப் புறப்பட்ட ஒரு பையன், பஸ் எல்லைக்கல்லைக் கடந்ததும் இருக்கையிலிருந்து பின்பக்கமாக இழுபட்டுப் போய்க் கடைசிக் கண்ணாடியில் அப்பிக்கொண்டான். இரண்டு முனையும் சேர்ந்து போனால் தடையில்லை, ஆனால் அந்த இரண்டு பேருக்கும் வேறு எவரோடும் நூல் இருக்கக்கூடாது, அப்படிப்பட்ட இரண்டு பேரை வேம்பூரணியில் எங்கே போய்த் தேடுவது? லாரி, வேன் ஓட்டுகிறவர்கள் மட்டும் பிழைப்பை நினைத்து அந்த அட்டையைக் கையால் தொடுவதில்லை என்று சங்கம் கூடித் தீர்மானம் போட்டுக்கொண்டார்கள்.

அறுக்கலாம். அச்சாபீஸ் கட்டிங் மிஷினின் பிளேடு தவிர வேறு எதற்கும் அது மசியாது, அதுவும் அந்த நூலுக்குரிய வயிற்றுக்காரர் தன் கையாலேயே அறுக்க வேண்டும். சேர்ந்து டீக்கடை நடத்திய சீனிச்சாமியும் ரத்தினபாண்டியும் ஒரு சண்டையில் அப்படித்தான் அறுத்துக்கொண்டார்கள். அறுத்த நிமிஷத்திலிருந்து சீனிச்சாமி கண்ணுக்கு ரத்தினபாண்டி இல்லை, ரத்தினபாண்டி காதுக்குச் சீனிச்சாமி இல்லை. ஒருவர் டீ ஆற்றினால் மற்றவருக்கு இரண்டு குவளைகள் அந்தரத்தில் மேலும் கீழும் போய்வருவது மட்டும் தெரியும். கடையை இருவரும் விடவில்லை. நாள் முழுக்க இடித்துக்கொண்டே வியாபாரம் செய்தார்கள், இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் டீ குடிக்க வந்தவர்கள் சொன்னார்கள், கொஞ்ச நாளில் அது ஒரு அதிசயமாகவே யாருக்கும் படவில்லை.

இந்த ஊரில்தான் ஜெயக்கொடி இருந்தாள், தேங்காய் உடைத்த தவசிலிங்கத்தின் பெண்டாட்டி. அச்சாபீசில் அட்டைகளைப் பிரித்து அடுக்குகிற மேசை அவளுக்கு. கல்யாணமாகி வெகுகாலம் ஆகியும் பிள்ளை இல்லை, கும்பிடாத கோயிலில்லை, விழுங்காத மருந்தில்லை, கடைசியில் அவளும் கடவுளும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்வதில்லை என்று ஒரு சமாதானத்துக்கு வந்திருந்தார்கள். நூல் வந்தபிறகு அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டு இந்தப் பிள்ளையிடம் கருப்பட்டி மிட்டாயைக் கொடுத்து அட்டையை வாங்குவாள், அந்தப் பிள்ளையிடம் கோலிக்குண்டை வாங்கிக்கொண்டு அட்டையைக் கொடுப்பாள், இப்படியே அவள் வயிற்றிலிருந்து தெருவின் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நூல் போயிற்று. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் நூலில் சூடு தெரியும், தூங்கினால் நூல் தொய்யும். சாயங்காலம் அவர்கள் ஓடி விளையாடும்போது அவள் வயிறு குலுங்கும், அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தவசிலிங்கத்தின் தம்பி கனகவேல் வேன் ஓட்டுகிறவன், ஊரில் நூல் இல்லாத சிலரில் ஒருவன். ஒரே முற்றத்துக்கு அந்தப் பக்கத்து வீடு அவனுக்கு. அவன் கட்டிக்கொண்டு வந்த அருள்கனி வாசற்படி ஏறுகையில், மாமியார் இல்லாத வீடானதால் மூத்தவள் ஜெயக்கொடிதான் அட்டையோடு நின்றாள். அருள்கனி ஒரு அதிரசத்தைக் கொடுத்து அட்டையை வாங்கினாள், ஜெயக்கொடி அந்த அதிரசத்தை அங்கேயே பிட்டு அவளுக்கும் பாதி ஊட்டினாள், ஓரகத்திகள் இருவரும் கூடப்பிறந்ததுகள் மாதிரி இழைந்துகொண்டு கிடந்தார்கள். இதற்குக் கண்பட்டது என்று சொன்னால் கண்ணின்மேல் பழி, பட்டது வாய்தான்.

அருள்கனிக்கு நாள் தள்ளிப்போயிருந்த சமயம். மசக்கையில் தலை சுற்றிக்கொண்டு தண்ணீர்க் குழாயடியில் நின்றவள், ஜெயக்கொடி புதிதாக ஒரு பிள்ளையிடம் அட்டை மாற்றுவதைப் பார்த்துவிட்டு, சுற்றி நின்ற பெண்களிடம், பெறாதவ ஊரான் பிள்ளைகளைக் கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கா, என் பிள்ளையவும் இப்பவே கட்டிருவா போல என்று சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். ஜெயக்கொடி குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள், அன்றைக்கு முற்றத்தின் நடுவில் நின்றுபோன பேச்சு நின்றதுதான்.

ஆனால் நூல் நிற்கவில்லை. வளைகாப்புக்கு ஊரெல்லாம் வந்தது, பெறாதவள் வளையல் போடக்கூடாது என்று ஜெயக்கொடியை மட்டும் கூப்பிடவில்லை, அவள் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அந்தப் பக்கம் ஒவ்வொரு வளையலாக ஏற ஏற இந்தப் பக்கம் நூல் கிணுகிணுத்தது. அதை அறுத்துத் தொலைத்துவிடலாம் என்று அவள் கோபத்தோடு நூலைப் பிடித்தாள். பிடித்த கையில் ஒன்று முட்டியது. வளையல் இல்லை, அருள்கனியும் இல்லை, அவளுக்குள்ளே இருந்து, கதவைத் தட்டுகிற மாதிரி, ஒரு உதை.

அன்றிலிருந்து ஜெயக்கொடிக்கு ஒரு ரகசியம் இருந்தது. மேசையில் அட்டை அடுக்கும்போதும், சோறு வடிக்கும்போதும், இடது கை விரலிடுக்கில் அந்த ஒரு நூலை ஓடவிட்டுக்கொண்டே இருந்தாள். பிள்ளை எப்போது விழிக்கிறது, எப்போது விக்குகிறது, எந்தப் பக்கம் புரளுகிறது எல்லாம் பெறப்போகிறவளுக்குத் தெரியுமுன் இவளுக்குத் தெரிந்தது. காலையில் முதல் பஸ் ஒலி எழுப்பினால் அது திடுக்கிட்டு உதைக்கும், இவள் நூலை ஒரு தடவு தடவினால் அடங்கும். அருள்கனியோடு பேச்சில்லை, அருள்கனியின் பிள்ளையோடு பேச்சுவார்த்தை உண்டு, இதில் என்ன தப்பு என்று தனக்குத்தானே வழக்காடி ஜெயித்துக்கொண்டாள்.

பேறுகாலம் நெருங்கியது, அருள்கனியின் அம்மா சொர்ணத்தாய் வெளியூரிலிருந்து வந்து தங்கினாள். பங்குனி வெயில் காய்ந்த ஒரு நாள் காலையில் பஸ் ஒலி எழுப்பியது, நூலில் உதை இல்லை. தூங்குகிறது என்று ஜெயக்கொடி வேலைக்குப் போனாள். மேசையில் உட்கார்ந்து நூலைத் தடவினாள், சுண்டினாள், உதட்டில் வைத்துப் பார்த்தாள். அருள்கனி நடப்பது தெரிந்தது, குனிவது தெரிந்தது, உள்ளே மட்டும் ஒன்றும் இல்லை. டீ வந்து ஆறிப்போனது. அட்டைகள் கலந்துபோய் ஆமைக் கட்டில் கோழி வந்தது. நூலின் அடியில் எங்கோ வெகு ஆழத்தில், இருட்டறையில் யாரோ மெதுவாக நகத்தால் கீறுகிற மாதிரி ஒன்று வந்தது, நின்றது, மறுபடி வர நேரமாயிற்று.

போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பெறாதவள், பேச்சில்லாதவள், நிறைமாதக்காரி வாசலில் போய் நின்று பிள்ளை அசையவில்லை என்று சொன்னால், பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டால் அது இவள் வாயால்தான் ஆனது. ஒன்றும் ஆகாமல் போனாலும் இவள் வயிற்றெரிச்சல் ஊருக்கு வெளிச்சம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. பிறகு எந்தத் தாயும் தன் பிள்ளையை இவள் திசைக்கு விடமாட்டாள். அவள் உட்கார்ந்தே இருந்தாள், நூலில் அந்த நகக்கீறல் இன்னும் தள்ளிப்போய் வந்தது. அவள் எழுந்து நடந்தாள்.

முற்றத்தைத் தாண்டி அந்தப் பக்கத்து வாசலில் அவள் கால் படுவதைச் சொர்ணத்தாய் பார்த்துவிட்டாள். முறத்தோடு எழுந்து வந்து படியை மறித்தாள்.

"பிள்ளை அசையல" என்றாள் ஜெயக்கொடி. "காலையிலேர்ந்து அசையல. நர்சம்மாவக் கூப்பிடுங்க."

"வாயக் கழுவு" என்றாள் சொர்ணத்தாய். "எம் மக பிள்ளை அசையலன்னு சொல்ல நீ யாரு? கருவேப்பிலைக் கன்னு கூட ஒனக்கு ஒண்ணு தளிர்த்ததில்ல, நீ எனக்குப் பிள்ளைப்பேறு சொல்ல வந்துட்டியா?"

அக்கம்பக்கத்துத் தலைகள் எட்டிப் பார்த்தன. ஜெயக்கொடி தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்றாள், போகவில்லை. உள்ளே கட்டிலில் கிடந்த அருள்கனி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். காலையிலிருந்து தான் வயிற்றைக் கவனிக்கவே இல்லை என்பதும், இன்றைக்குப் பிள்ளை ரொம்ப சமர்த்தாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டதும் அவளுக்கு ஒரே நேரத்தில் உறைத்தது. யம்மா, அவுகள வையாத, ஆளக் கூப்பிடு என்று அவள் கத்தியதில் சொர்ணத்தாயின் கையிலிருந்த முறம் கீழே விழுந்தது.

நூல் இல்லாத அசலூர்க்காரி நர்சம்மா வந்து வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டாள், இடம் மாற்றி வைத்துக் கேட்டாள், முகம் மாறி எழுந்தாள். துடிப்பு இருக்கிறது, ஆனால் தேய்ந்துகொண்டே போகிறது, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போய் வயிற்றைத் திறந்து எடுத்தால் உண்டு, இங்கே நின்று பேசினால் இல்லை. கனகவேல் வேனைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்தான். மெத்தையை விரித்து அருள்கனியை ஏற்றிய பிறகுதான், அவள் வயிற்றிலிருந்து ஜெயக்கொடி வயிற்றுக்குப் போகிற நூலை எல்லாரும் பார்த்தார்கள். அருள்கனிக்கு இருந்தது அந்த ஒரே நூல்தான். ஜெயக்கொடியையும் கூட ஏற்று என்றால் அவள் வயிற்றிலிருந்து தெருவுக்கே நூல் போகிறது, அத்தனை பிள்ளைகளும் வர வேண்டும், அந்தப் பிள்ளைகளோடு நூலிழைத்த அத்தனை பேரும் வர வேண்டும், அதற்குள் என்னவெல்லாம் ஆகிவிடுமோ.

எல்லாருடைய கண்ணும் ஜெயக்கொடியிடம் வந்தது. அவள் தன் புருஷனைப் பார்த்து, வேன் எல்லைக்கல்லுக்குப் போகட்டும், கட்டிங் ரூம்ல ஒரு பிளேட எடுத்துக்கிட்டு என்னையும் அங்க ஏத்திக்கிட்டுப் போங்க என்றாள்.

அவள் இங்கேயே அறுத்திருக்கலாம். அச்சாபீசுக்குப் போய்வருகிற நேரத்தில் வேன் எல்லைக்குப் போய்விடும் என்று கணக்குப் போட்டாளா, இல்லை அந்த நூல் இன்னும் கொஞ்ச நேரம் கையில் இருக்கட்டும் என்று நினைத்தாளா, அவளுக்கே தெரியாது. தவசிலிங்கத்தின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, கழிவுத்தாளில் சுற்றிய பிளேடை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் நூலை விரலில் பிடித்துக்கொண்டே போனாள். அறுத்தால் அருள்கனி தன் கண்ணிலிருந்து போய்விடுவாள், அது போகட்டும், பேசாத முகம் தெரியாவிட்டால் என்ன. அருள்கனிக்குள் இருக்கிற பிள்ளை? அதுவும் சேர்ந்து போய்விடுமா? முற்றத்துக்கு அந்தப் பக்கம் அது வளரும், தவழும், நடக்கும், பள்ளிக்கூடம் போகும், இவளுக்கு மட்டும் அது இல்லாமலே இருக்குமா? இதைக் கேட்டுச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. இதற்கு முன் யாரும் பிள்ளையோடு இருக்கிறவளை அறுத்ததில்லை.

எல்லைக்கல்லில் வேன் நின்றிருந்தது. நூல் கல்லுக்கு நேராக விறைத்து நிற்க, வயிறு இழுபடும் வலியில் அருள்கனி கத்திக்கொண்டிருந்தாள், கனகவேல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தான். ஜெயக்கொடி இறங்கி வேனின் பின்பக்கம் போனாள். குழாயடிக்குப் பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்தது அப்போதுதான். அருள்கனியின் உதடு வெளுத்து, நெற்றியில் முடி ஒட்டிக்கிடந்தது. எவ்வளவு சின்னப்பிள்ளை இவள் என்று ஜெயக்கொடிக்குத் தோன்றியது.

"அக்கா" என்றாள் அருள்கனி. "அன்னைக்குக் கொழாயடில நான்..."

"அதெல்லாம் பேச நேரமில்ல. நீ போயிட்டு வா" என்றாள் ஜெயக்கொடி.

நூலை இடது கையில் சுற்றிப் பிடித்தாள். அப்போது கையில் ஒன்று முட்டியது, பலமே இல்லாத ஒரு உதை, இவளுக்குப் பழக்கமான அதே உதை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிளேடை இழுத்தாள். வேன் அப்போதே பறந்தது. திறந்திருந்த பின்கதவு வழியாக அவள் பார்த்தாள்: நர்சம்மா இருந்தாள், சொர்ணத்தாய் மடியை விரித்து உட்கார்ந்திருந்தாள், அந்த மடியில் சேலை மட்டும் ஒரு தலை அழுந்திய பள்ளத்தோடு கிடந்தது, தலை இல்லை.

வேம்பூரணி அன்றைக்கு மிஷினை நிறுத்தியது. முதலாளி அண்ணாச்சியே நிறுத்தச் சொன்னார் என்பார்கள், கையோடாமல் தானாக நின்றது என்றும் சொல்வார்கள். டீக்கடையில் வழக்கு நடந்தது. பிள்ளை தாய் வயிற்றுக்குள் இருக்கிறவரை தாய்தான், ஆகவே இரண்டும் போச்சு என்றார் சீனிச்சாமி. பிள்ளைக்குத் தனித் தொப்புள் உண்டு, அது யாரோடும் அட்டை மாற்றவில்லை, ஆகவே அதன் கணக்கு தனி என்றார் ரத்தினபாண்டி. இரண்டு பேரும் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காமலே இவ்வளவு நேர்த்தியாகச் சண்டை போட்டதை ஊர் கவனித்தது, ஆனால் சிரிக்கவில்லை. பூசாரியைக் கேட்டார்கள். நூலாத்தா அதைப்பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்று அவர் கையை விரித்தார்.

பொழுது சாய்வதற்குள் கனகவேல் போன் போட்டான். பெண் பிள்ளை, எடுத்தபோது அழவில்லை, பிறகு அழுதது, தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று டாக்டர் சொன்னார். தவசிலிங்கம் போனை ஜெயக்கொடியின் காதில் வைத்தார். கனகவேல் அழுதான், மதினி மதினி என்பதைத் தவிர அவனுக்கு வேறு வார்த்தை வரவில்லை. பிறகு, இந்தா அருளு பேசுறா என்றான். அதற்குப்பின் போனில் ஆஸ்பத்திரியின் இரைச்சல் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது, யாரோ பேசி முடிக்கட்டும் என்று ஜெயக்கொடி பொறுமையாகக் காதில் வைத்திருந்தாள்.

அவர்கள் வீட்டுக்கு வருகிற நாள் வந்தது. ஆலாத்தி எடுக்க வீட்டு மூத்தவள் ஜெயக்கொடிதான் இருக்கிறாள், ஆனால் அவள் அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. பிள்ளை கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது அந்த நிமிஷத்தோடு முடிந்துபோகும். பார்க்காமல் இருக்கும்வரை ஒருவேளை, ஒருவேளை என்று இருக்கலாம். ஒருநாள் முன்னதாகவே வந்திருந்த சொர்ணத்தாய் முற்றத்தைத் தாண்டி வந்து அடுப்படி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீறாப்பாகப் பேசத் தெரிந்த அளவுக்கு அவளுக்குப் பணிந்து பேசத் தெரியாது.

"எழுந்து வாத்தா" என்றாள். "நீ நிக்காம எம் பேத்தி படியேற மாட்டா."

ஜெயக்கொடி தட்டோடு வாசலுக்கு வந்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர் தட்டுக்குள் ஆடிக்கொண்டே இருந்தது, எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் நிற்கவில்லை. தெருவே முற்றத்தைச் சுற்றிக் கூடியிருந்தது, பிள்ளைகள் எல்லாரும் சத்தமில்லாமல் மதிலில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வேன் வந்து நின்றது. கனகவேல் இறங்கிப் பக்கக் கதவைத் திறந்தான், யாரும் இறங்கவில்லை, அதாவது ஜெயக்கொடிக்கு யாரும் இறங்கவில்லை. பிறகு வேனின் இருட்டிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டு, சுருட்டி மடித்து, நெஞ்சு உயரத்தில் அந்தரத்தில் வெளியே வந்தது.

துண்டின் மடிப்பு அந்தப் பக்கம் பார்த்திருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க அது வெறும் துணி, உள்ளே ஆள் இருந்தாலும் அப்படித்தான் இருக்கும், இல்லாவிட்டாலும் அப்படித்தான் இருக்கும். அது முற்றத்துக்குள் மெல்ல மெல்ல அசைந்து வந்தது, தையல் போட்ட வயிற்றோடு நடக்கிற நடை. ஜெயக்கொடி தட்டைச் சொர்ணத்தாயிடம் நீட்டிவிட்டாள். துண்டு அவள் முன்னால் வந்து நின்றது. பிறகு திரும்பியது.

உள்ளே முகம் இருந்தது. சிவந்து, சுருங்கி, ஒரு கண்ணை மட்டும் இடுக்கித் திறந்து, யார் மேலோ கோபமாக இருக்கிற ஒரு சின்ன முகம். ஜெயக்கொடி சத்தம் போட்டு அழுதாள், அவள் அப்படி அழுது ஊர் பார்த்ததில்லை. தெரியுது, எனக்குத் தெரியுது என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னாள், மதிலில் இருந்த பிள்ளைகள் அவள் வயிற்று நூல்கள் அத்தனையும் அதிரக் கீழே குதித்தார்கள்.

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். துண்டு கொஞ்சம் முன்னால் வந்தது, நின்றது, பின்வாங்கியது. மறுபடி முன்னால் வந்து, அந்தரத்திலேயே நடுங்கிக்கொண்டு நின்றது. ஏன் தரமாட்டேன் என்கிறாள் என்று ஒரு நொடி ஜெயக்கொடிக்குப் பழைய கோபம் பொசுக்கென்று வந்தது, வந்த வேகத்திலேயே அவளுக்கு விளங்கியது. அருள்கனிக்கு எதிரே யாரும் இல்லை. கைகள் இல்லை, முகம் இல்லை, காரை போட்ட வெறும் தரைதான் தெரியும். சாவிலிருந்து மீட்டுக்கொண்டு வந்த பிள்ளையை அவள் அந்த வெறும் காற்றில் விட வேண்டும்.

"அங்கனதான் நிக்கிறாக" என்று கனகவேல் தன் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துச் சொன்னான். "கையை நீட்டிக்கிட்டு இருக்காக. குடு அருளு."

துண்டின் அடியில் தெரியாத விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்வதைத் துணியின் மடிப்பில் ஜெயக்கொடி பார்த்தாள். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கைகளை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். அருள்கனி விட்டாள்.